யார் புரொபஷனல்? பல்கலைக்கழக நூலக ஊதியக் கணக்கெடுப்பில் ஒரு சொல்லின் வரலாறு

முன்னுரை

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் எத்தனை பேர் பணிபுரிகின்றனர், அவர்கள் பெறும் ஊதியம் எவ்வளவு என்னும் வினாக்கள் வெறும் எண்ணிக்கை பற்றியனவாகத் தோன்றும். ஆயினும் எண்ணத் தொடங்குவதற்கு முன்னரே ஒரு சொல்லின் பொருளை முடிவு செய்யவேண்டியுள்ளது. ஆங்கிலக் கணக்கெடுப்புகளில் அச்சொல் 'புரொபஷனல்' என்பதாகும். யார் அச்சொல்லுக்குள் அடங்குவர், யார் வெளியே நிற்பர் என்பதைப் பொறுத்தே பணியாளர் எண்ணிக்கையும் சராசரி ஊதியமும் அமைகின்றன. இத்தகைய கணக்கெடுப்பு நெடுங்காலமாக நடைபெற்றுவரும் அமெரிக்க ஐக்கிய நாட்டையும், அதனோடு ஒப்பிடத்தக்க இந்திய நிலையையும் சான்றாகக் கொண்டு, இச்சொல்லின் பொருள் எல்லை எவ்வாறு வரையப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. ஜெரோல்டின் பட்டியல்கள்

மின்னசோட்டாப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ஜேம்ஸ் தேயர் ஜெரோல்டு, பல்கலைக்கழக நூலகங்களின் புள்ளிவிவரங்களை ஒப்பிடத்தக்க வகையில் ஆண்டுதோறும் திரட்டவேண்டும் என்னும் திட்டத்தை 1906ஆம் ஆண்டில் முன்வைத்தார். 1907-08ஆம் ஆண்டிலிருந்து நூல்களின் எண்ணிக்கை, செலவு, பணியாளர், ஊதியம் ஆகிய விவரங்களைத் தாமே திரட்டி, பங்கேற்ற நூலகங்களுக்கு வழங்கினார். 1920இல் அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது இப்பணியும் அவருடன் சென்றது. அவர் ஓய்வு பெற்ற பின்னரும் பிரின்ஸ்டன் இதனைத் தொடர்ந்தது. 1932இல் தோன்றிய ஆய்வு நூலகங்களின் சங்கம் 1961-62ஆம் ஆண்டு விவரங்களிலிருந்து இப்பொறுப்பை ஏற்றது. பழைய பட்டியல்கள் 1986இல் ஒரே தொகுப்பாக வெளியிடப்பட்டன.

ஒரு தனிமனிதரின் முயற்சியாகத் தொடங்கிய இத்தொடர் ஒரு நூற்றாண்டைக் கடந்துள்ளது. தம் நூலகத்துக்கு நிதியும் பணியாளரும் கோரும் நூலகர், பிற பல்கலைக்கழகங்களின் நிலையைச் சுட்டிக்காட்ட இயலவேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பயன். ஒப்பீடு செம்மையாக அமைய, ஒரே சொல் எல்லா இடங்களிலும் ஒரே பொருளைத் தரவேண்டும். சிக்கல் இங்குத்தான் தொடங்குகிறது.

2. எல்லைக்கோடு தோன்றிய விதம்

நூலகப் பணியை ஒரு 'புரொபஷன்' எனக் கூறும் வழக்கத்தை மெல்வில் டூயி 1876இல் எழுதிய கட்டுரை வலுப்படுத்தியது. 1887இல் கொலம்பியாவில் அவர் தொடங்கிய நூலகவியல் பள்ளியின் முதல் வகுப்பில் 20 மாணவர் சேர்ந்தனர். அவர்களுள் 17 பேர் பெண்கள். ஆகவே இச்சொல்லின் எல்லையை வரையறுப்பது தொடக்கத்திலிருந்தே பெண்களின் உழைப்பை மதிப்பிடுவதோடும் தொடர்புடையதாயிற்று.

கார்னெகி நிறுவனத்துக்காகச் சார்லஸ் வில்லியம்சன் தயாரித்து 1923இல் வெளிவந்த அறிக்கை, நூலகப் பணிகளைப் புரொபஷனல் பணி, எழுத்தர் பணி என இரண்டாகப் பிரித்தது. முதல் வகைக்குக் கல்லூரிப் பட்டமும் அதன்மேல் பல்கலைக்கழகப் பயிற்சியும் தேவை என வலியுறுத்தியது. 1951இல் அமெரிக்க நூலகச் சங்கம் ஏற்ற தரவிதிகளின்படி முதுகலைப் பட்டமே இத்துறையின் அடிப்படைத் தகுதியாயிற்று. இவ்வாறு செய்யும் வேலையைக் குறித்த சொல், காலப்போக்கில் பெற்ற பட்டத்தைக் குறிக்கும் சொல்லாகவும் மாறியது. இவ்விரு பொருள்களும் இன்றளவும் அதனுள் அடங்கியுள்ளன.

3. ஊதியக் கணக்கெடுப்பும் அதன் வரையறையும்

ஆய்வு நூலகங்களின் சங்கம் நடத்தும் ஊதியக் கணக்கெடுப்பு, 1980 முதல் ஒவ்வொரு புரொபஷனல் பணியாளரின் ஊதியம், பதவி, பாலினம், பணி அனுபவம் ஆகியவற்றைத் திரட்டிவந்துள்ளது. 1980-81இல் பெண்களின் சராசரி ஊதியம் ஆண்களின் ஊதியத்தில் ஏறத்தாழ 87 விழுக்காடாக இருந்தது என்பதும், பின்னர் அது 95 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது என்பதும் இத்தொடரால் தெரியவந்தவை. திரட்டப்படாத ஊதிய வேறுபாட்டைக் குறித்து வழக்காட இயலாது; இவ்வகையில் இக்கணக்கெடுப்பின் பயன் பெரிது.

ஆனால் இச்சங்கம் தந்த வரையறை கூர்ந்து நோக்கத்தக்கது. தகுதிக்கான அளவுகோல் நூலகத்துக்கு நூலகம் வேறுபடுவதால், ஒவ்வொரு நூலகமும் தான் புரொபஷனல் எனக் கருதுவோரையே கணக்கில் காட்டலாம். கண்டிப்பான பொருளில் நூலகர் எனப்படாத கணினி வல்லுநர், வரவு செலவுத் திட்ட அலுவலர் போன்றோரையும் ஏற்றவிடத்துச் சேர்க்கலாம் என்பது அதன் கருத்து. அஃதாவது, சொல்லின் பொருளை முடிவு செய்யும் பொறுப்பு விடையளிப்போரிடமே விடப்பட்டது.

அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் 1988 முதல் 2012 வரை நடத்திய கல்வி நூலகக் கணக்கெடுப்பில், 'நூலகரும் பிற புரொபஷனல் பணியாளரும்', 'ஊதியம் பெறும் பிற பணியாளர்', 'மாணவ உதவியாளர்' என்னும் வகைகள் இருந்தன. இரண்டாம் வகைக்கு அது செய்யும் வேலையைக் குறிக்கும் பெயர் இல்லை. முதல் வகையில் இடம்பெறாமையே அதற்குப் பெயராயிற்று.

எல்லைக்கோடு நகர்ந்தால் எண்ணும் நகரும். எடுத்துக்காட்டாக, ஒரு நூலகத்தில் 10 புரொபஷனல் பணியாளர் உள்ளனர் எனக் கொள்வோம். அறுவர் தலைக்கு 60,000 டாலரும் நால்வர் தலைக்கு 40,000 டாலரும் பெற்றால் சராசரி 52,000 டாலர். கணினிவழிப் பட்டியலாக்கம் வந்தபின் அந்நால்வரின் வேலை துணைப்பணி என மாற்றப்படுமானால் சராசரி 60,000 டாலர் ஆகிவிடும். ஒருவருக்கும் ஒரு டாலர்கூட உயரவில்லை. நால்வர் கணக்கிலிருந்து மறைந்தனர் என்பதே உண்மை. அந்நால்வரும் பெண்களாயின், ஊதிய வேறுபாடும் குறைந்ததுபோல் தோன்றும்.

4. இந்திய நிலை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். அரங்கநாதன், பல்கலைக்கழக மானியக் குழு 1957இல் அமைத்த நூலகக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பணியாளர் எண்ணிக்கையை அவர் வேறொரு வழியில் அணுகினார். ஆண்டுக்குச் சேரும் 6,000 நூல்களுக்கு நூற்பிரிவில் ஒருவர், 500 பருவ இதழ்களுக்கு ஒருவர், வழங்கு வாயில் திறந்திருக்கும் 1,500 மணி நேரத்துக்கு ஒருவர் என வேலையின் அளவிலிருந்து ஆட்களின் தொகையை வருவிக்கும் வாய்பாட்டை வகுத்தார். இங்குள்ள அடிப்படை, பட்டமன்று, வேலையே. நூலகப் பணியாளரின் ஊதியமும் தகுதியும் ஆசிரியருக்கு இணையாக அமையவேண்டும் என்பதும் அக்குழுவின் பரிந்துரையாகும்.

1986 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஊதிய விகிதங்களில் உதவி நூலகர் விரிவுரையாளருக்குரிய 2200-4000 ரூபாய் விகிதத்தைப் பெற்றார். 2018ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் உதவி நூலகர் உதவிப் பேராசிரியருக்கு இணையாக 57,700 ரூபாயில் தொடங்கும் நிலையில் வைக்கப்பட்டார். மறுபுறம், மத்தியப் பல்கலைக்கழகங்களில் 'புரொபஷனல் அசிஸ்டென்ட்', 'செமி புரொபஷனல் அசிஸ்டென்ட்' என்னும் பதவிகள் ஆசிரியரல்லாப் பணியாளர் வரிசையில் உள்ளன. பதவிப் பெயரிலேயே இச்சொல்லை உடையவர் ஆசிரியருக்கு இணையான வரிசைக்கு வெளியே நிற்கின்றார். பெயரில் அச்சொல் இல்லாத உதவி நூலகர் அதனுள் நிற்கின்றார். பெயரை மட்டும் நோக்கி இந்திய, அமெரிக்கப் பட்டியல்களை ஒப்பிடுவோர் பிழைபடுவது உறுதி.

5. மொழிபெயர்ப்புச் சிக்கல்

தமிழில் இச்சொல்லுக்குத் 'தொழில்முறை', 'தொழில்நெறிஞர்', 'தொழில் வல்லுநர்' முதலிய ஆக்கங்கள் வழங்குகின்றன. 'தொழில்' என்னும் வேர்ச்சொல் எல்லா வகை உழைப்பையும் குறிக்கும்; 'தொழிலாளர்' என்பதும் அதனடியாகப் பிறந்ததே. 'புரொபஷனல் டாக்ஸ்' தமிழில் 'தொழில் வரி' ஆகும்போது எவ்விடர்ப்பாடும் இல்லை; குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாய் உடையோர் பலரையும் அது தழுவுகிறது. நூலகக் கணக்கெடுப்பிலோ அதே ஆங்கிலச் சொல் ஒரு பிரிவினரை விலக்கும் வேலையைச் செய்கிறது. தமிழ்ச்சொல் அவ்விலக்கலை உணர்த்தாது. 'நூலகர்' எனப் பெயர்த்தால், அது நிறுவனத் தலைவரின் பதவியையும் துறையினர் அனைவரையும் ஒருசேரக் குறித்து மேலும் மயக்கம் தரும்.

எனவே வினாப்படிவத்தை மொழிபெயர்ப்போர் நிகர்ச்சொல் ஒன்றைத் தேர்ந்து அமையாது, அச்சொல்லுக்குரிய கல்வித் தகுதி, பணி, ஊதிய விகிதம் ஆகியவற்றை விளக்கமாகத் தருதல் வேண்டும். எச்சமாக நிற்கும் வகையினர்க்கும் அவர்தம் பணியால் அமைந்த பெயரே இடப்படுதல் நன்று.

முடிவுரை

ஜெரோல்டின் தொடர் எண்களால் ஆனது. ஆயின் அதனை இயக்கியது ஒரு சொல்லின் எல்லை. அரங்கநாதனின் வாய்பாடு வேலையிலிருந்து ஆளை நோக்கிச் சென்றது. பிற கணக்கெடுப்புகள் பெயரிலிருந்து ஆளை நோக்கிச் சென்றன. பெயர் வழிப்பட்ட கணக்கில் ஒருவர் விடுபட்டால் அவர் பெறும் ஊதியமும் காணப்படாது போகும். ஆதலின் கலைச்சொல்லை வரையறுப்பது இங்கு மொழியியலார் செய்யும் துணைப்பணி அன்று. அதுவே கணக்கெடுப்பின் முதற்படி.