நாகப்பாம்புக்கு முளைத்த கால்கள்

"பி.காம். படிக்கிற உனக்கு கார் சஸ்பென்ஷன்ல என்னடா வேலை?" என்று வகுப்பில் சிலர் கேட்கலாம். கேளுங்க, தப்பில்லை :-) ஆனால் முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள். இதில் பாதி நம்ம காஸ்ட் அக்கவுண்டிங் சமாச்சாரம்தான்.

கோப்ரா என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார். 1962-லிருந்து 1967 வரை தயாரானது. மொத்தமே ஏறத்தாழ ஆயிரம் கார்கள்தான். அதில் முதல் காரான சி.எஸ்.எக்ஸ். 2000, 2016-ல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்த விலைக்கு யார் வாங்க முடியும்? அதனால்தான் 1970-களில் இருந்து அதே உருவத்தில் நகல் கார்கள் வர ஆரம்பித்தன. பாகங்களை வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார்கள்.

இந்த நகல் கார்க்காரர்கள் அடிக்கடி கை வைக்கிற இடம் முன் சஸ்பென்ஷன். கை வைத்தவுடன் ஒரு கூட்டம் கிளம்பிவிடும், "அசலைக் கெடுக்கிறாங்க" என்று. சரி, அந்த அசல் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போமா?

1936-ல் இத்தாலியின் ஃபியட் நிறுவனம் டோபோலினோ என்ற குட்டிக் காரைக் கொண்டுவந்தது. 569 சி.சி. எஞ்சின், 13 குதிரைத்திறன். நம்ம ஊர் லாரிகளின் அடியில் அடுக்கடுக்காக ஸ்பிரிங் பட்டை பார்த்திருப்பீர்கள். அது வண்டியின் நீளவாக்கில் இருக்கும். டோபோலினோவில் அதே பட்டையை முன்பக்கம் குறுக்காக வைத்தார்கள். நடுப்பகுதி சேஸியில், இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களில்.

1946-ல் இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் ஒரு பந்தயக் கார் செய்தார்கள். எப்படி? இரண்டு டோபோலினோக்களின் முன்பாகங்களை முதுகோடு முதுகாக ஒட்டி! முன்னாலும் குறுக்குப் பட்டை, பின்னாலும் குறுக்குப் பட்டை. போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் மலிவாகக் கிடைத்ததை வைத்துச் செய்த வேலை. ஆனால் அது நன்றாகவே ஓடியது. அந்த ஏற்பாட்டைப் பின்பற்றி ஜான் டொஜேரோ என்பவர் ஒரு சேஸியை வடிவமைத்தார். அதை எடுத்துக்கொண்டு ஏசி நிறுவனம் 1953-ல் 'ஏஸ்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் காட்சிக்கு வைத்தது.

1961-ல் ஏஸுக்கு எஞ்சின் கொடுத்துவந்த பிரிஸ்டல் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது. சரியாக அந்த நேரத்தில், 1959 லெ மான் பந்தயத்தில் வென்றவரும் இதய நோயால் ஓட்டுவதை விட்டவருமான அமெரிக்கர் கரோல் ஷெல்பி ஏசிக்குக் கடிதம் எழுதினார். ஏஸின் உடம்பில் ஃபோர்டின் வி8 எஞ்சின். கோப்ரா பிறந்தது இப்படித்தான்.

ஆக, 13 குதிரைத்திறன் கொண்ட குட்டிக் காருக்காக யோசித்த ஏற்பாடு, 1963-க்குள் 271 குதிரைத்திறனைத் தாங்கிக்கொண்டிருந்தது!

இதில் சிக்கல் என்ன? குறுக்குப் பட்டைக்கு இரண்டு வேலை. வண்டியின் எடையையும் தாங்க வேண்டும், சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் கையாகவும் இருக்க வேண்டும். வளைவில் வண்டி சாய்ந்தால் சக்கரமும் கூடவே சாயும். ஒல்லியான டயர் என்றால் பெரிய பாதிப்பில்லை. அகலமான டயர் போட்டால் அதன் ஓரம் மட்டும்தான் தரையைப் பிடிக்கும். 1964-ல் செப்ரிங் பந்தயத்துக்காகப் பட்டை ஸ்பிரிங் சேஸியிலேயே 427 கன அங்குல ராட்சச எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள். கென் மைல்ஸ் ஓட்டினார். பயிற்சியிலேயே வண்டி ஒரு மரத்தில் மோதியது.

1965-ல் ஃபோர்ட் பொறியாளர்களின் உதவியோடு புதிய கோப்ரா வந்தது. குறுக்குப் பட்டை போய், ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை, தனியாகச் சுருள் ஸ்பிரிங். இன்னொன்றையும் கவனியுங்கள். சேஸியின் முக்கியக் குழாய்களையும் 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக்கினார்கள். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடவில்லை.

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். வருஷத்துக்குச் சில நூறு வண்டி விற்கிற ஒரு நகல் கம்பெனி, சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலைச் சொந்தமாக வடிவமைத்து அச்சு செய்தால், அந்த நிலையான செலவு ஒவ்வொரு வண்டியின் தலையிலும் பெரிதாக விழும். அதுவே 1974 முதல் 1978 வரை பத்து லட்சத்துக்கு மேல் விற்ற மஸ்டாங் 2 காரின் பாகம் என்றால்? அந்தச் செலவை ஃபோர்ட் எப்போதோ ஈடுகட்டியாயிற்று. பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும். அமெரிக்க நகல்கள் பல அதைத்தான் மாட்டின. 1995-ல் தொடங்கிய ஃபேக்டரி ஃபைவ், 1987-93 மஸ்டாங் பாகங்களை எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் டாக்ஸ் நிறுவனம் ஜாகுவார் பாகங்களைப் பயன்படுத்தியது. அதன் நகலுக்கு டொஜேரோ என்றே பெயர் வைத்தது!

ஆனால் கடன் வாங்கிய பாகம் வேறொரு வண்டிக்காக அளவெடுத்தது. மஸ்டாங் 2-வின் கீழ்க்கை ஒல்லியானது, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு தாங்கு தண்டு வேண்டும். அதனால்தான் அகலமான குழாய்க் கைகள், ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றான செட், பெரிய பிரேக் டிஸ்க் என்று மாற்றுகிறார்கள். 1987-93 மஸ்டாங்கிலோ மேல்கையே கிடையாது. உயரமான ஷாக் அப்சார்பர்தான் சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடித்திருக்கும். நகலில் புதிதாக மேல்கை வைத்தபோது கணக்கு மாறியது. ஸ்டியரிங் தண்டு போகும் வளைவும் சஸ்பென்ஷன் கை போகும் வளைவும் ஒத்துப்போகாவிட்டால், மேடு பள்ளத்தில் ஏறும்போது நீங்கள் திருப்பாமலே சக்கரம் லேசாகத் திரும்பும். 300 குதிரைத்திறன் கையில் இருக்கும்போது இது உயிர் விஷயம். தண்டின் முனையை ஏற்றி இறக்கி இதைச் சரிசெய்ய வேண்டும். வெறுமனே கடினமான ஸ்பிரிங் வாங்கி மாட்டினால் தீராது.

அதனால் "அசலைக் கெடுக்கிறாங்க" என்ற குற்றச்சாட்டு எனக்கு ஒப்பவில்லை. அசலே இத்தாலியக் குட்டிக் காரிடம் கடன் வாங்கி, பிறகு அதைத் தூக்கிப்போட்டு மாறிய வண்டிதானே? கேட்க வேண்டிய கேள்வி வேறு. 1965-ல் குழாயையும் சேர்த்துத் தடிமனாக்கினார்களே, அந்த அளவுக்கு முழுக் கணக்கும் போட்டு மாற்றுகிறார்களா, இல்லை பளபளப்பான பாகத்தைப் பார்த்து மயங்கி மாற்றுகிறார்களா?

நீங்க என்ன நினைக்கிறீங்க? சொல்லுங்க, சண்டை போடலாம் :-)