குளூட்டன் இல்லா உணவு: அரசின் உதவி யாரைச் சென்றடைகிறது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம், சீலியாக் நோய் கண்டவர்களின் சிறுகுடலைச் சேதப்படுத்துகிறது. உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் இரத்தசோகை, எலும்பு வலுவிழத்தல், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை நேர்கின்றன. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பதே இதற்குரிய சிகிச்சை. இந்நோயாளிக்கு உணவே மருந்து. அந்த மருந்தோ சாதாரண மாவையும் ரொட்டியையும்விடப் பல மடங்கு விலை அதிகம்.

இச்செலவை ஈடுசெய்ய நாடுகள் இருவேறு வழிகளைக் கையாளுகின்றன. முதலாவது நேரடி உதவி. இத்தாலி, 2005 ஆம் ஆண்டின் 123 ஆம் எண் சட்டப்படி, நோயாளிகளுக்கு மாதந்தோறும் குறிப்பிட்ட தொகைக்கு உணவு வழங்குகிறது. 2018 இல் வெளியான ஆணை, 18 முதல் 59 வயது வரையுள்ள ஆண்களுக்கு 110 யூரோ, பெண்களுக்கு 90 யூரோ என உச்சவரம்பு விதித்தது. இங்கிலாந்தில் மருத்துவர் சீட்டின் பேரில் உணவு வழங்கப்படுகிறது; 2018 டிசம்பர் முதல் அது ரொட்டி, மாவுக்கலவை என்ற அளவில் சுருக்கப்பட்டது.

இரண்டாவது வரிச்சலுகை. கனடாவில் சாதாரண உணவுக்கும் குளூட்டன் இல்லா உணவுக்கும் உள்ள விலை வேறுபாட்டை மருத்துவச் செலவாகக் காட்டலாம். மருத்துவர் கடிதமும் ரசீதுகளும் தேவை. அமெரிக்காவில் மொத்த மருத்துவச் செலவு வருமானத்தின் 7.5 விழுக்காட்டைத் தாண்டிய பின்னரே கழிவு கிடைக்கும். முதலில் கைக்காசைச் செலவிட இயலாதவரையும், வரி கட்டுமளவு வருமானமற்றவரையும் இவ்வழி எட்டுவதில்லை.

இந்தியாவில் இக்கேள்வி நியாயவிலைக் கடையில் தொடங்குகிறது. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. பஞ்சாபில் அது கோதுமையாகவே தரப்படுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி அம்மாநில மக்களில் ஏறக்குறைய 32 விழுக்காட்டினர் தலித்துகள். அவர்களுள் மிகப்பெரும்பாலோர் நிலமற்றவர்கள். அவ்வீட்டுக் குழந்தைக்கு இந்நோய் கண்டால், அரசு தரும் தானியமே அதற்கு நஞ்சாகிறது. மாற்று உணவைச் சந்தையில் வாங்கக் கூலி போதாது.

தீர்வுக்கு விலையுயர்ந்த பொட்டல உணவு தேவையில்லை. அரிசி, கம்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றில் குளூட்டன் இயல்பாகவே இல்லை. கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைக்காதிருந்தால் போதும். மத்தியத் தொகுப்புக்குப் பெருமளவு அரிசி தரும் மாநிலங்களுள் பஞ்சாபும் ஒன்று.

சட்டமும் இதற்குத் தடையில்லை. அரிசி, கோதுமை, சிறுதானியம் அல்லது இவற்றின் எந்தக் கலவையும் 'உணவு தானியம்' என்றே அது வரையறுக்கிறது. கூடுதல் பயன் தரும் திட்டங்களை மாநிலங்கள் வகுக்கப் பிரிவு 32 இடமளிக்கிறது; பிரிவு 16 இன்படி அமையும் மாநில உணவு ஆணையம் அரசுக்கு ஆலோசனை கூறலாம். மருத்துவச் சான்றின் பேரில் கோதுமைக்கு ஈடாக அரிசி என்னும் ஒற்றைக் கோரிக்கையுடன் அந்த ஆணையத்தை அணுகலாம். வாழும் உரிமையில் உணவும் அடங்கும் எனில், உண்ணத்தக்க உணவையே அது குறிக்கும்.