கோச்சியில் ஏற முடியாதவர்களின் வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

கடந்த தவணை விடுமுறையில் எமது பழைய மாணவர் ஒருவரை நேர்முகப் பரீட்சைக்காகக் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். அவர் சக்கர நாற்காலியில் நடமாடுபவர். இரவுக் கோச்சி. மேடை தாழ்வு, பெட்டியின் படி உயரம். ஆசிரியர்கள் மூவருமாக அவரைத் தூக்கித்தான் ஏற்றினோம். நாற்காலியை மடித்துப் பொதிகளோடு கார்ட் பெட்டியில் போட்டோம். பொலன்னறுவை தாண்டியதும் பிளேன்டீ வாங்கி நீட்டினோம். வேண்டாமென்றார்.

"சேர், அஸருக்குப் பிறகு நான் தண்ணியே குடிக்கல்ல. கோச்சிக்குள்ள பாத்ரூமுக்குப் போக ஏலாதே."

இலங்கைப் புகையிரதத்தின் வரலாற்றை நாம் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறோம். 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில். 1867இல் கண்டி. 1924இல் பதுளை. 1928இல் நமது மட்டக்களப்பு. பிள்ளைகள் ஆண்டுகளை மனனம் செய்து புள்ளியும் எடுத்தார்கள். ஆனால் அந்த ரயிலில் ஏற முடியாமல் நின்றவர்கள் யார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

வெள்ளைக்காரன் இந்தப் பாதையைப் போட்டது மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர. ஆட்கள் ஏறுவது அதற்குப் பிறகு வந்த தேவை. கிராமத்து நிலையங்களில் தாழ்வான மேடை, பெட்டிக்கு ஏறப் படிகள், ஒடுங்கிய வாசல், அடுத்த மேடைக்குப் போகப் படிக்கட்டுப் பாலம். இரண்டு காலும் நன்றாக உள்ளவரை மனதில் வைத்தே எல்லாம் கட்டப்பட்டன. நாம் பெற்றுக்கொண்டதும் அதைத்தான்.

அந்த வெள்ளைக்காரனின் சொந்த நாட்டில் மட்டும் நிலைமை நன்றாக இருந்ததா? இல்லை. பிரித்தானியாவில் 1970களிலும் அதற்குப் பிறகும்கூட சக்கர நாற்காலிப் பயணிகள் பலர் கார்ட் பெட்டியில்தான் பயணித்தார்கள். பொதிகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே, வெளிச்சமும் சூடும் குறைந்த இடத்தில். நமது மாணவரின் நாற்காலி போன அதே இடத்தில் அங்கே ஆளே போனார்.

1990களின் தொடக்கத்தில் அவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பஸ்களோடு தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடினார்கள். 1995இல் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. 1998இல் புதிய ரயில் பெட்டிகளின் வாசல், கழிவறை, கைபிடி, அறிவிப்பு எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று தனி விதிகள் வந்தன. பழைய பெட்டிகளையும் சரிசெய்ய 2020 ஜனவரி 1 கடைசி நாளாகக் குறிக்கப்பட்டது. அந்த நாளிலும் சில பெட்டிகளுக்கு விலக்குக் கேட்டார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் நாள் குறித்திருந்ததால்தான், தவறியவர்கள் விலக்குக் கேட்டு நிற்க வேண்டி வந்தது.

ஜப்பானின் கதை இன்னும் எளிமையானது. கால்களால் தொட்டறியும் புடைப்புக் கற்களை மியாகே செய்இச்சி என்பவர் 1965இல் உருவாக்கினார். 1967 மார்ச்சில் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பாடசாலைக்கு அருகே முதன்முதலில் அவை பதிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் ரயில் மேடைகளுக்கும் வந்தன. மேடையின் விளிம்பு எங்கே முடிகிறது என்று பார்வையற்றவருக்கு அந்தக் கல் சொல்லிவிடும். இன்று உலகெங்கும் மேடை விளிம்புகளில் காணும் மஞ்சள் வரிசையின் ஆரம்பம் அதுதான்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டத்தை நமது பாராளுமன்றம் நிறைவேற்றியது 1996இல். பிரித்தானியாவுக்கு ஒரே ஒரு வருடம் பின்னால்! 2006 ஒக்டோபரில் அணுகும் வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. பொதுக் கட்டிடங்களும் பொது இடங்களும் எல்லோரும் நுழையக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றன. ஏற்கனவே இருந்த கட்டிடங்களுக்கு மூன்று வருட அவகாசமும் தந்தன.

காகிதத்தில் இருந்ததை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவரது காரின் மீது வீதியோர மரம் ஒன்று விழுந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. அவர் 2009இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தார். 2011 ஏப்ரல் 27இல், புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டிடங்கள் இந்த விதிகளைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர் 2020இல் காலமானார். இன்று ஒரு புதிய கட்டிடத்தின் வாசலில் சாய்தளம் கண்டால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. ஆக, சட்டத்தில் நாம் பின்தங்கவில்லை. நாம் பின்தங்கியது மேடையில்தான். சட்டப் புத்தகத்துக்கும் மேடைக்கும் இடையே ஒரு தலைமுறைத் தூரம்.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானவர்களுக்கு ஏதோவொரு இயலாமை உண்டு. 16 இலட்சத்துக்கும் அதிகமானோர். நமது ஊரில் அவர்கள் யார்? யுத்தத்தில் கால் இழந்தவர். சீனி வருத்தத்தால் விரல் எடுக்கப்பட்ட வாப்பா. கண் மங்கிய உம்மும்மா. கிளினிக்குக்குக் கொழும்பு போக வேண்டியவர்களும் இவர்களே. வேன் பிடிக்கக் காசுள்ளவர் போகிறார். மற்றவர் "பிறகு பார்ப்போம்" என்று வீட்டில் இருந்துவிடுகிறார்.

நமது குறையையும் சொல்ல வேண்டும். தூக்கி ஏற்றுவதை நாம் நன்மையாக நினைத்து மனநிறைவு அடைந்துவிட்டோம். அது நன்மைதான். ஆனால் அவருக்குச் சேர வேண்டியது ஹக், உரிமை. பார்வையற்ற சஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களுக்கு அதான் சொல்லும் பணி கொடுக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் பயணம் போனபோது மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மீது யாரும் இரக்கப்பட்டு ஒதுக்கி வைக்கவில்லை.

நாம் கேட்க வேண்டியது பெரிய தொகையல்ல. ஒரு நிலையத்துக்கு ஒரு மடிப்புச் சாய்தளம், மேடை விளிம்பில் புடைப்புக் கற்கள், ஒரு பெட்டியிலாவது அகன்ற வாசலும் நாற்காலி திரும்பக்கூடிய கழிவறையும். எழுதிக் கேட்க 1996உம் 2006உம் 2011உம் நம் கையில் இருக்கின்றன.

மனுவை ஆசிரியர்கள் நாமே எழுதுகிறோம். அதோடு இணைக்க ஒரு பட்டியல் வேண்டும். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், கோச்சியில் ஏற முடியாததால் பயணத்தையே விட்டுவிட்டவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள்: கடைசியாக எப்போது போனீர்கள், ஏன் நிறுத்தினீர்கள்? அவர் சம்மதித்தால் மட்டும் எமக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள். பெயரைப் பொதுவில் போட வேண்டாம்.

அந்த மாணவருக்கு வேலை கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த மாதம் மறுபடி கொழும்புக்குப் போக வேண்டும். அதே இரவுக் கோச்சி.