மஞ்சள் பூசிய கிணறுகள்

நாட்றம்பள்ளி பக்கத்துக் கிணறுகளைப் பற்றிக் குறிப்பு எடுப்பதற்காக, 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த வேலூர் தோல் தொழிற்சாலைத் தீர்ப்பை இணையப் பிரதியில் திறந்தேன். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘வெல்ஸ்’ என்று அடித்தேன். 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற வரி மஞ்சளாகத் தெரிந்தது. ஆகா, கிடைச்சிருச்சு என்று குறித்தும் வைத்துவிட்டேன்.

நல்லவேளை, வரியின் தொடக்கத்தையும் படித்தேன். அது திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களின் கணக்கு! வழக்கின் பெயரில் வேலூர் இருந்தாலும் மற்ற தோல் ஊர்களும் தீர்ப்புக்குள் வருகின்றன. நம் பக்கத்துக்கான வரி வேறு: வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்குப்படி, தோல் பட்டறைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழ். அந்த வரியில் கிணறு என்ற சொல் இல்லை, அதனால் மஞ்சளும் இல்லை.

தேடல் கருவி எழுத்து வரிசையை மட்டும்தான் ஒப்பிடும். அந்தப் பிரதியில் ரெட்டியார்சத்திரம் ‘பெட்டியார் சத்திரம்’ என்று பிழையாக ஏறியிருக்கிறது. சரியாக அடித்தால் ஒன்றும் வராது. நம்ம ஊரே நாட்றம்பள்ளி, நாட்டறம்பள்ளி, நாட்றாம்பள்ளி என்று மூணு விதம். மாவட்டப் பெயர் இன்னும் மோசம்: 1911 வரை சேலம், பிறகு வட ஆற்காடு, அப்புறம் வட ஆற்காடு அம்பேத்கர், வேலூர், 2019 முதல் திருப்பத்தூர். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடித்துத் தேட வேண்டியிருக்கிறது.

350-ஐ அடித்துவிட்டேன். நாட்றம்பள்ளிக் கிணறுகளுக்கான கட்டம் என் நோட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கு.