நீண்டு போன விசை

1898 மே மாதம். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் மாட்டுப் பண்ணை ஆட்களும் கல்லூரி இளைஞர்களும் ஒரே படையாகத் திரண்டார்கள். அந்தப் படையின் பெயர் 'ரஃப் ரைடர்ஸ்'. ஸ்பெயினுக்கு எதிரான போரில் ஜூலை 1 அன்று அவர்களும் மற்ற அமெரிக்கப் படைகளும் கியூபாவின் சான் யுவான் குன்றுகளில் ஏறினார்கள். மேலே இருந்த ஸ்பானியர்கள் சில நூறு பேர்தான். ஆனால் அன்று அமெரிக்கத் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் விழுந்தார்கள். அந்தச் சிலரின் கையில் அப்படி என்ன இருந்தது?

ஜெர்மனியின் மவுசர் துப்பாக்கி! ஐந்து தோட்டாக்களை ஒரே தள்ளில் நிரப்பிவிடலாம். பிடிபட்ட மவுசர்களை ஆராய்ந்து அமெரிக்கா 1903இல் தன் 'ஸ்பிரிங்ஃபீல்டு' துப்பாக்கியை உருவாக்கியது. சாயல் அப்பட்டமாகத் தெரிந்ததால் மவுசர் நிறுவனத்துக்கு 2 லட்சம் டாலர் வரை உரிமத் தொகை தர ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு துப்பாக்கிகளுக்கும் பொதுவாக இன்னொரு விநோதம் இருந்தது.

விசையை இழுத்தால் அது லேசாக, வெகுதூரம் பின்னால் போகும். வெடிக்காது. பிறகு ஓரிடத்தில் தடை தட்டும். அதையும் தாண்டி அழுத்தினால்தான் குண்டு பாயும். இது கோளாறு அல்ல, திட்டமிட்ட ஏற்பாடு. வெடியூசியைத் தடுத்து நிறுத்தும் கொக்கி ஆழமாகக் கவ்வியிருந்தது. சிப்பாய் பதுங்குகுழிக்குள் தடாலென்று விழுந்தாலும் அது நழுவக் கூடாது. ஆழமான அந்தப் பிடியை விடுவிக்கத்தான் நீண்ட இழுப்பு. அதே 1903இல் நியூஜெர்சியின் ஸீ கர்ட் கடற்கரை மைதானத்தில் நாட்டின் முதல் தேசியத் துப்பாக்கிப் போட்டி நடந்தது. அந்தப் போட்டி மரபில் வளர்ந்தவர்கள் இந்த இழுப்பையே வித்தையாக்கினார்கள்: முதல் கட்டத்தைக் கடந்து தடையில் காத்திருப்பார்கள், குறி அசையாத நொடியில் மெல்ல அழுத்துவார்கள். ஆனால் அந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

1945இல் இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தது. வீரர்களின் மூட்டையோடு வீடு வந்த மவுசர்கள் மான் வேட்டைக்குப் புறப்பட்டன. நீண்ட இழுப்பு வேட்டைக்காரர்களுக்கு எரிச்சலூட்டியது. சிலர் கொக்கியை அரத்தால் தேய்த்தார்கள். இழுப்பு குறைந்தது, பிடியும் குறைந்தது. கீழே விழுந்தாலே வெடிக்கும் ஆபத்து வாசலுக்கு வந்தது!

1946இல் கலிஃபோர்னியாவில் ஆலன் டிம்னி என்பவர் வேறு வழி பிடித்தார். பழைய விசையைத் தேய்க்காமல், அதை அப்படியே கழற்றிவிட்டு, அளவு திருத்தும் திருகுகள் கொண்ட புது விசைத் தொகுதியைப் பொருத்தும்படி செய்தார். அத்தோடு நீண்ட இழுப்பின் கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. இன்றைய போட்டிக் களங்களில் நவீன துப்பாக்கிகளுக்குக்கூடக் கூடுதல் விலை கொடுத்துத் தேடிப்பிடித்துப் பொருத்தப்படும் 'டூ ஸ்டேஜ் ட்ரிகர்' வேறெதுவும் அல்ல. குழியில் விழும் சிப்பாயின் உயிரை எண்ணி நீட்டப்பட்ட அதே விசைதான்.