பல்லைக் கடித்துக்கொண்டு

மேட்டூரில் நான் வளர்ந்த தெருவில் பரீட்சைக்கும் கடனுக்கும் மாமியார் வீட்டுக்கும் ஒரே ஆறுதல்தான்: "பல்லக் கடிச்சுக்கிட்டு இரு, சரியாயிடும்." அது வெறும் பேச்சுவழக்கு இல்லை, தாடையில் நிஜமாகவே நடப்பது என்று மருத்துவம் ஒப்புக்கொள்ளப் பல வருஷம் பிடித்தது.

1934. எங்கள் ஊர் அணை திறந்த வருஷம் (வேறு சம்பந்தம் இல்லை, ஊர்க்காரனுக்கு அந்த வருஷம் மறக்காது). அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். காதடைப்பு, காதிரைச்சல், தலைசுற்றல், தாடை மூட்டருகே வலி. கடைவாய்ப்பல் விழுந்ததால் தாடை அளவுக்கு மீறி மூடி, மூட்டு பின்பக்கம் அழுத்துகிறது என்றார். டாக்டர்தான், ஆனால் அசல் எஞ்சினியர் மூளை: கதவு சரியாகச் சாத்தவில்லையா, கீலைப் பார். உடற்கூறு அறிஞர்கள் பிறகு இதை மறுத்தார்கள். ஆனாலும் பல்லை ராவிச் சமப்படுத்தும் வைத்தியம் பல பத்தாண்டுகள் ஓடியது. ராவிய பல் திரும்ப வளராது.

1950களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ் பார்வையைப் பல்லிலிருந்து தசைக்கும் நோயாளியின் மனநிலைக்கும் திருப்பினார். 1969இல் டேனியல் லாஸ்கின் பட்டென்று சொன்னார்: மன இறுக்கத்தில் பல்லைக் கடிக்கிறோம், மெல்லும் தசை களைத்துப் பிடித்துக்கொள்கிறது, வலிக்கிறது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

1976இல் லாஸ்கின் குழு வெளியிட்ட சோதனைதான் எனக்குப் பிடித்தது. 25 பேருக்குப் பல்லை ராவுவதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். 16 பேருக்கு வலி முழுசாகவோ ஏறக்குறைய முழுசாகவோ போய்விட்டது.

"அப்போ வலியே பொய்தானே?" என்பார்கள். எரிச்சலாக வரும். பிடித்துக்கொண்ட தசையில் பொய் என்ன இருக்கிறது? தாடை வலிக்குச் சிகிச்சை தேடி வருகிறவர்களில் பெண்களே அதிகம்; "எல்லாம் மனசுதாம்மா" என்று சொல்லி அனுப்புவதும் அவர்களிடம்தான் சுலபம்.

1992இல் வந்த ஆய்வு அளவுகோல்கள் இந்தச் சண்டைக்கு ஒரு வழி செய்தன. மூட்டையும் தசையையும் ஒரு அச்சில் பார், மனச்சோர்வையும் வலி வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்பதையும் இன்னொரு அச்சில் பார். இரண்டையும் ஒரே நோயாளியிடம், ஒரே நாளில். பிறகு அமெரிக்காவில் இந்த வலி இல்லாத 2,700க்கும் மேற்பட்டவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மன உளைச்சல் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் தாடை வலி வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. 2013இல் முடிவுகள் வந்தன. வலி வந்தபின் உளைச்சல் இன்னும் ஏறும் என்பது தனிக்கதை.

இப்போது அரத்தை எடுப்பதற்கு முன்பு நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்: உதடு சேர்ந்திருக்கட்டும், பல் சேர வேண்டாம்.