காயலான் கடைக்கும் காட்சிக்கூடத்துக்கும் நடுவே

வரலாறு என்றதும் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடிப் போகும் பழக்கம் தமிழ் படித்த நமக்கு உண்டு. சேலையூரில் ஒரு வீட்டின் பின்புறம் துருவேறி நின்ற 1993ஆம் ஆண்டு புல்லட் ஒன்றை, புதிய வண்டியின் விலையில் கால் பங்குக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கிய பிறகே, இரும்பையும் ஏடுபோல் வாசிக்கலாம் என்று உணர்ந்தோம்.

அந்த ஏட்டின் முதல் பக்கம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் எழுதப்பட்டது. இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டுகள் 800 வேண்டுமெனக் கேட்டதை ஒட்டி, 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. கப்பலில் வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டுவதில் ஆரம்பித்த வேலை, 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யுமளவுக்கு வளர்ந்தது. 1970இல் பிரிட்டனில் உற்பத்தி அடியோடு நின்றது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் சென்னையில் செய்த புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. தாய்வீட்டில் வழக்கொழிந்த சொல் தொலைதூரக் கிளைமொழியில் உயிரோடிருப்பதை மொழியியல் படித்தோர் அறிவர். இதுவும் அப்படியொரு சங்கதியே.

வார்ப்பிரும்பு எஞ்சினின் அடிப்படை அமைப்பு 2000களின் இறுதிவரை பெரிதாக மாறவில்லை. நம்மைப் போன்றோர் பழைய வண்டியை வாங்கத் துணிவதற்கு இதுவே காரணம். ஒரு பத்தாண்டின் பாகம் இன்னொரு பத்தாண்டின் வண்டியில் பெரும்பாலும் பொருந்தும். இல்லாததைப் புதுப்பேட்டையில் தேடலாம். அங்கும் கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். நம் வண்டியில் இறுகிப்போன பிஸ்டனைக் கழற்றி, சிலிண்டரை ரீபோர் செய்து, சக்கரங்களுக்குப் புதிய ஸ்போக்ஸ் கட்டி முடிக்க மூன்று மாதங்களாயின. மேற்குத் தாம்பரத்து மெக்கானிக் ஒருவர், பாயிண்ட் எந்தக் கணத்தில் திறக்கிறது என்றறிய அதன் இடுக்கில் சிகரெட் தாளைச் செருகினார். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன் தாள் நழுவ வேண்டும். “மீட்டரெல்லாம் வேணாம் சார், விரலுக்கே தெரியும்” என்றார். இவ்வறிவு எந்த நூலகத்திலும் அடுக்கப்படவில்லை.

புறநகரின் வரலாறும் இதனோடு பிணைந்தது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் வந்தது. ஆனால் ரயில் நிலையத்தோடு நின்றுவிடும். நிலையத்திலிருந்து முடிச்சூருக்கும் மாடம்பாக்கத்துக்கும் அகரம்தென்னுக்கும் பரவிய மனைப்பிரிவுகளில் குடியேறியோரை, சைக்கிளுக்குப் பிறகு, பழைய இருசக்கர வண்டிகளே வீடு சேர்த்தன. இன்று அதே நிறுவனத்தின் ஆலைகள் தென்திசைக்கு வந்துவிட்டன: 2013இல் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலுள்ள ஒரகடத்தில் ஒன்று, 2017இல் வல்லம் வடகாலில் மற்றொன்று.

சட்டம் இவ்வண்டியை எப்படிப் பார்க்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி முதற்பதிவுக்கு 15 ஆண்டு ஆயுள். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 300 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1000 ரூபாயானது. 2021இல் வந்த மற்றொரு விதி, 50 ஆண்டு கடந்து, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளைத் தொன்மை வாகனங்கள் என்று ஏற்றது. அதற்குப் புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயணத்துக்கு அவ்வண்டியை ஓட்டவும் கூடாது. ஆக, பணமுள்ளவரின் பழையது காட்சிப்பொருள். இல்லாதவரின் பழையது காயலான் கடைச் சரக்கு. காயல்பட்டினத்து வணிகரோடு சேர்த்துச் சொல்லப்படும் இச்சென்னைச் சொல்லே ஒரு தனி வரலாறு.

பழைய எஞ்சின் கக்கும் புகையை நாம் மறுக்கவில்லை. சாலைக்குத் தகுதியற்றதை விலக்கத்தான் வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கை மட்டும் வைத்து விலக்கினால், வண்டியோடு அதைப் பழுதுபார்க்கும் கையும் விலகிவிடும். நம் மெக்கானிக்கின் பட்டறையில் இப்போது சீடன் எவனுமில்லை. அவர் மகன் ஒரகடத்தில் வேலைக்குப் போகிறான். அங்கே நல்ல சம்பளம். குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

வண்டி இப்போது ஓடுகிறது. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்ற பழைய இலக்கணத்தை நம் கால்கள்தாம் இன்னும் கற்று முடிக்கவில்லை.